இறுகிப்போன பெயாரிங் வளையம்: கழற்றியவர்களின் அனுபவங்கள்

உப்புவெளியிலிருந்து:

பெயாரிங்கைச் சக்கரத்தின் ஹப்புக்குள் (நடுக்குடத்துக்குள்) பிடித்து வைத்திருக்கும் புரி வளையம் எவ்வளவு பிடிவாதமானது என்பதைப் பழைய ஹோண்டா மோட்டார் சைக்கிள் வைத்திருப்போருக்கு விளக்கத் தேவையில்லை. என்னுடையது எழுபதுகளில் வந்த இரட்டைச் சிலிண்டர் வண்டி. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கொட்டிலில் பல ஆண்டுகள் நின்றது. எஃகு வளையமும் அலுமினிய ஹப்பும் உப்பீரத்தில் ஒட்டியிருந்தால் அரிபடுவது அலுமினியம்தான். அந்த வெள்ளைப் பொடி புரிகளுக்கிடையே அடைந்து இறுகிவிடுகிறது. போதாக்குறைக்கு, எனக்கு முன்பு யாரோ உளியை வைத்து அடித்து வளையத்தின் பள்ளங்களைச் சிதைத்திருந்தார்கள்.

வளையம் தானாகச் சுழலாதிருக்க ஓரத்தில் ‘பஞ்ச்’ எனும் குத்துக் கருவியால் குத்தப்பட்டிருந்த இடங்களை முதலில் 3 மில்லிமீற்றர் துளையூசியால் குடைந்தெடுத்தேன். லேத் பட்டறையில் ஒரு குழாய்த்துண்டின் முனையில் பள்ளங்களுக்குப் பொருந்தும் பற்களை வெட்டுவித்து, அச்சாணியை ஊடே செலுத்தி நட்டைப் பூட்டியதால், கருவி வழுக்குவதற்கு வழியில்லாமல் நின்றது. ஹப்பைச் சூடாக்கி நீண்ட பிடியை அழுத்தியபோது வளையம் கிறீச்சிட்டு அசைந்தது. நான் மகிழ்ந்து முடிப்பதற்குள், ஹப்பின் புரி ஒன்று மெல்லிய வெள்ளிச் சுருளாக வளையத்தோடு உரிந்து வெளியே வந்தது. அந்தச் சுருள் இன்றும் ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கிறது. சூடு போதவில்லையா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை.

கிண்ணியாவிலிருந்து:

தம்பி, சூட்டின் மேல் பழி போட வேண்டாம். வளையம் கழலும்போது வெளிநோக்கி வருகிறது. அச்சாணி நட்டோ அதை உள்நோக்கி அமர்த்துகிறது. சற்றே சுழன்றவுடன் நட்டைத் தளர்த்தாவிட்டால், அந்த இழுபறியில் மென்மையான அலுமினியப் புரிதான் தோற்கும்.

எங்களுடையது வாப்பாவின் பிஎஸ்ஏ மோட்டார் சைக்கிள். 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை வண்டியைப் பாதையில் (வாகனங்களை ஏற்றும் மிதவையில்) ஏற்றித்தான் திருகோணமலைக்குக் கொண்டு போவோம். துறையில் சக்கரம் கடல்நீரில் நனையாமல் கரையேறியது அரிது. அந்த வளையத்தை ஊரில் பலசாலிகள் என்று பெயரெடுத்தவர்கள் எல்லாரும் இடப்பக்கமாகவே திருப்பிப் பார்த்தார்கள். மூதூரிலிருந்து வந்த வயதான மெக்கானிக் ஒருவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பஞ்ச் கருவியை மறுபுறம் சாய்த்து வைத்து, வலப்பக்கமாக ஒரு தட்டுத் தட்டினார். வளையத்தின் ஓரத்தில் கறுத்த கிறீஸ் ஒரு கோடாகக் கசிந்தது. பிஎஸ்ஏ, ட்ரையம்ப் வண்டிகளின் பல ஹப்களில் ஒருபக்க வளையம் இடப்புரி (வலப்பக்கம் திருப்பினால் கழல்வது) என்பது அங்கு நின்ற எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அத்தனை நேரமும் நாங்கள் அதை இறுக்கிக்கொண்டுதான் இருந்தோம்.

சீனன்குடாவிலிருந்து:

கிண்ணியா நானா (அண்ணன்) சொல்வதில் எனக்கு முழு உடன்பாடில்லை. சூட்டுக்கு அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிகிறது. ஆகவே அலுமினிய ஹப்பில் சூடுதான் முதல் மருந்து. உங்கள் பிஎஸ்ஏயின் ஹப் இரும்பாக இருந்திருந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே விரிந்திருக்கும், சூட்டின் பயன் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

என் அனுபவம் சிறியது: கழலாத வளையத்தைத் துளையிட்டுப் பிளந்தேன், அது இரண்டு துண்டாகக் கையில் வந்தது. ஆனால் இனிக் கழற்றப் போகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். பிரேக் கட்டைகள், ரப்பர் சீல், டயர் ஆகியவற்றை அகற்றிய பின்னரே சூடாக்குங்கள். நெருப்புச் சுவாலையை ஓரிடத்தில் நிறுத்தாமல், ஹப் முழுவதும் பரவலாகச் சூடேறும்படி செய்யுங்கள். தண்ணீர் தெளித்தால் சீறும் அளவு போதும். சக்கரத்தை ஸ்போக்குகளின் மேல் கிடத்திச் சுத்தியலால் அடிக்காதீர்கள். நடுவில் துளையுள்ள மரக்கட்டையின் மேல் ஹப்பே அமர வேண்டும். எண்ணெயை முதல் நாளே ஊற்றி ஊறவிடுங்கள், ஆனால் சூடாக்குவதற்கு முன் துடைத்துவிடுங்கள். எதற்கும் அசையாவிட்டால் வளையத்தைப் பலிகொடுங்கள்: எதிரெதிரே இரு இடங்களில், புரியைத் தொடாத ஆழத்துக்குத் துளையிட்டு, உளியால் பிளக்கலாம். வளையத்தை லேத்தில் கடைந்துகொள்ளலாம். ஹப்புக்கு எங்கே போவது? புதியதைப் பூட்டும்போது புரிக்குக் கிறீஸ் தடவுங்கள், குத்தும் அடையாளத்தைப் பழைய இடத்தில் போடாதீர்கள்.

உப்புவெளியிலிருந்து:

நானா, நட்டைத் தளர்த்தித் தளர்த்தித்தான் சுழற்றினேன். அதைச் சொல்லாமல் விட்டதால் நீங்கள் அப்படி எண்ணியிருக்கலாம். உங்கள் பதிலைப் படித்த பிறகு பழைய வளையத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். உளியடி விழுந்த ஓரிடத்தில் அதன் விளிம்பு வெளிப்புறமாகப் பிதுங்கி, புரியின் மேல் கத்திபோல் நிற்கிறது. சுருளைச் சீவியது அதுவாகத்தான் இருக்க வேண்டும். பிதுங்கிய அந்த இடத்தை முதலில் அரத்தால் தேய்த்திருந்தால் புரி பிழைத்திருக்கும். சூடு எவ்வளவு ஏறினாலும் அதைக் காப்பாற்றியிருக்காது. பெயாரிங்கின் வெளிவளையம் ஹப்பில் இன்னமும் இறுக்கமாகவே அமர்கிறது, புதிய வளையமும் எஞ்சிய புரிகளில் ஆடாமல் நிற்கிறது. குத்துவதற்கு முன் லேத்காரரிடம் ஒருமுறை காட்டப் போகிறேன்.