கழித்துக் கட்டிய யுபிஎஸ் ஆன் ஆகவில்லை, அவசர உதவி தேவை

பொள்ளாச்சி_அப்பா:
ஆபீஸில் கழித்துக் கட்டிய யுபிஎஸ் ஒன்றை வீட்டுக் கணினிக்காக எடுத்து வந்தேன். பட்டனை அழுத்தினால் ‘கீச்’ என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. திங்கட்கிழமை மகளுக்கு ஆன்லைன் தேர்வு. இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யாராவது வழி சொல்லுங்கள்.

நெல்லை_வயர்மேன்:
எத்தனை விஏ (யுபிஎஸ் தாங்கும் திறன்)? பேட்டரி ஒன்றா, இரண்டா? பிளக்கைச் செருகிவிட்டு அழுத்தினீர்களா, சும்மாவா? எவ்வளவு காலம் மூலையில் கிடந்தது?

சால்டர்_பிரியன்:
ரிலேதான், அதாவது போர்டில் தானாக மாறும் சின்ன சுவிட்ச். அதன் கான்டாக்ட் கரிந்திருக்கும். போர்டைக் கழற்றுங்கள். என் கைக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் ரிலே கோளாறுதான்.

எலக்ட்ரான்:
வோல்டேஜ் அளக்காமலே போர்டைக் கழற்றச் சொல்கிறார்கள். கேட்டவரும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். இதே கேள்விக்குப் பலமுறை பதில் எழுதிவிட்டேன், தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. நல்ல 12 வோல்ட் பேட்டரி, முழு சார்ஜில் சும்மா இருக்கும்போது 12.7 பக்கம் காட்டும். 10.5க்குக் கீழே இறங்கி மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் உப்பு இறுகிவிடும், அப்புறம் சார்ஜ் பிடிக்காது. பேட்டரி செத்துப்போனால் பல யுபிஎஸ்கள் கரண்ட் இருக்கும்போதும் ஆன் ஆகாது.

பொள்ளாச்சி_அப்பா:
600 விஏ. ஒரே பேட்டரி, 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு). பிளக்கில் செருகித்தான் அழுத்தினேன். பக்கத்து வீட்டு மீட்டரில் 4.2 காட்டுகிறது. பேட்டரி பக்கவாட்டில் உப்பியிருக்கிறது, சிவப்பு வயர் மாட்டும் முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது.

பழைய_ரேடியோ:
தூக்கிப் போடாதீர்கள். மேல் தகட்டை நெம்பினால் ஆறு ரப்பர் மூடிகள் இருக்கும். ஊசியால் டிஸ்டில்டு வாட்டர் விட்டு மெதுவாக சார்ஜ் ஏற்றுங்கள். எனக்கு உயிர் வந்திருக்கிறது.

எலக்ட்ரான்:
உப்பிய பேட்டரிக்கா? உள்ளே ஆசிட் இருக்கிறது, சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். வீட்டில் குழந்தை இருக்கிறது என்கிறார்.

பழைய_ரேடியோ:
வறண்ட பேட்டரிக்குத் தண்ணீர் வேலை செய்யும். நீங்கள் செய்து பார்த்ததுண்டா?

எலக்ட்ரான்:
உண்டு. மீட்டரில் 12.5 காட்டும், லோடு கொடுத்ததும் படுத்துவிடும். தேர்வுக்கு நடுவில் படுத்தால் யார் பொறுப்பு?

சால்டர்_பிரியன்:
பழைய கார் பேட்டரியை வெளியே வைத்து வயர் இழுத்தால் மணிக்கணக்கில் ஓடுமே.

நெல்லை_வயர்மேன்:
வேண்டாம் தம்பி. அந்த டிரான்ஸ்பார்மர் சில நிமிஷங்களுக்கு மட்டுமே அளவெடுத்துச் செய்தது, தொடர்ந்து ஓடினால் வெந்துவிடும். சின்ன சார்ஜரால் கார் பேட்டரியை நிரப்பவும் முடியாது. சில மாடல்களில் பேட்டரி வயரிலேயே மெயின்ஸ், அதாவது சுவர் பிளக்கின் கரண்ட், இருக்கும், வெளியே இழுப்பது ஆபத்து.

பொள்ளாச்சி சார், புதிதாக அதே 12 வோல்ட் 7 ஏஎச் வாங்குங்கள். பழையதைக் கையோடு கொண்டுபோங்கள்: முனைத் தகட்டின் அகலம் 4.8 மில்லிமீட்டரும் உண்டு, 6.3ம் உண்டு. பிளக்கை எடுத்த பிறகே மூடியைத் திறங்கள். சிவப்பு, கறுப்பு மாறினால் பியூஸோடு போர்டும் போகலாம். மாட்டியதும் ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறட்டும். அப்புறம் யுபிஎஸ்ஸில் 60 வாட் குண்டு பல்பை மாட்டி, பிளக்கைப் பிடுங்காமல் சுவர் சுவிட்சை மட்டும் அணையுங்கள், எர்த் விடுபடாமல் இருக்கும். பல்ப் எரிந்தால் கணினியைக் கொடுக்கலாம். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் மாட்டாதீர்கள்.

சால்டர்_பிரியன்:
பேட்டரி மாற்றியும் ஓடவில்லையென்றால் ரிலேயைப் பாருங்கள்.

பழைய_ரேடியோ:
எல்லாவற்றுக்கும் புதிது வாங்கு என்றால் இந்த இடம் எதற்கு?

பொள்ளாச்சி_அப்பா:
புது பேட்டரி போட்டாயிற்று. பழையதைக் கடையிலேயே எடுத்துக்கொண்டு கொஞ்சம் விலை குறைத்தார்கள். பல்ப் எரிந்தது, கணினியும் அணையாமல் நிற்கிறது. எல்லோருக்கும் நன்றி.

நெல்லை_வயர்மேன்:
மகிழ்ச்சி சார். வைஃபை ரவுட்டரையும் அதே யுபிஎஸ்ஸில் மாட்டினீர்களா? கரண்ட் போனால் கணினி ஓடும், நெட் போய்விடும். ரவுட்டருக்கு மிகக் கொஞ்ச வாட்டுதான், தாராளமாகத் தாங்கும். திங்கட்கிழமைக்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.