தையல் போட்டு நாலு நாள்: அப்பாவுக்கு மாத்திரையை எப்படிக் கொடுப்பது?

மலர், டிக்கோயா

அப்பாவுக்கு 63 வயது. திங்கட்கிழமை குடலிறக்க ஆப்பரேஷன் முடிந்து, ஒரு ராத்திரி வாட்டில் வைத்திருந்து அனுப்பினார்கள். கையில் மூன்று கடதாசி உறை. பனடோல் (பரசிட்டமோல்) 500 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இரண்டு. இன்னொரு வலி மாத்திரை, டைக்லோஃபெனாக் 50, சாப்பிட்ட பிறகு மூன்று வேளை. வயிற்றுக்கு ஒமெப்ரசோல், காலையில் வெறும் வயிற்றில்.

ஆட்கள் இருக்கும்போது அப்பாவுக்கு வலியே கிடையாது. யாராவது நெஸ்டமோல்ட்டும் மாரி பிஸ்கட்டும் கொண்டு வந்தால் எழுந்து உட்கார்ந்து, "சின்னக் கீறல்தானே" என்று சட்டையைத் தூக்கிக் காட்டுவார். அவர்கள் இஸ்தோப்பைத் தாண்டியதும் முகம் சுருங்கிவிடும். நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தும்மல் வந்தது. அப்புறம் அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் காம்பராவில் லைட் எரிந்தது.

மாத்திரையை நீட்டினால், "வலிக்கும்போது போடலாம்" என்கிறார். வலிக்கும்போது நீட்டினால், "இனிப் போட்டு என்ன பிரயோசனம்" என்கிறார். ஆனால் பெரியம்மா தன் முழங்கால் மாத்திரை ஒன்றை வெற்றிலைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது, மறுபேச்சு இல்லாமல் விழுங்கிவிட்டார். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். வேறு பெயர், வேறு நிறம், அடியில் பொடி எழுத்தில் அதே டைக்லோஃபெனாக் 50. கொழும்பிலிருந்து தம்பி வேறு, பனடீன் வாங்கி அனுப்பவா என்று கேட்கிறான்.

வலிக்கும்வரை காத்திருந்து கொடுப்பதா, மணி பார்த்துக் கொடுப்பதா? தூங்கும்போது எழுப்ப வேண்டுமா? அவர் வலியோடு படுத்திருப்பதைப் பார்க்க முடியவில்லை.

வாட்டு அக்கா, பதுளை

தங்கச்சி, முதல் சில நாளைக்கு மணி பார்த்தே கொடுங்கள். வலி ஏறிய பிறகு இறக்குவதுதான் கஷ்டம். வலி குறைந்தால்தான் அவர் எழுந்து நாலு அடி நடப்பார், இருமிச் சளியைத் துப்புவார். இரண்டும் ஆப்பரேஷனுக்குப் பிறகு அவசியம்.

பனடோல் ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக்கூடாது. அப்பாவுக்குக் கொடுத்த கணக்கே எட்டு. பனடீனுக்குள்ளும் பரசிட்டமோல் இருக்கிறது, அனுப்ப வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். டைக்லோஃபெனாக்குக்கு எல்லை 150 மில்லிகிராம். பெரியம்மாவின் கைவரிசையில் அன்றைக்கு 200 ஆகியிருக்கும். வயிறு எரிந்தாலோ மலம் கறுப்பாகப் போனாலோ அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டொக்டரிடம் காட்டுங்கள். பிரஷர், சிறுநீரகம், அல்சர், ஆஸ்துமா ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லிவிட வேண்டும்.

நன்றாகத் தூங்குபவரை எழுப்ப வேண்டாம். படுக்கும் முன் ஒரு வேளை வருகிற மாதிரி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். தானாக விழித்தால் அடுத்ததைக் கொடுக்கலாம், இடைவெளி சரியாக இருந்தால்.

காய்ச்சல், தையலில் சீழ், விடாத வாந்தி, சிறுநீர் போகாமை: இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை பார்க்காதீர்கள். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

ராஜா, தலவாக்கலை

எனக்கும் போன வருஷம் இதே ஆப்பரேஷன்தான். தும்மல் வரும்போது சின்னத் தலையணையைத் தையல்மேல் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். என்னைக் காப்பாற்றியது அதுதான். மலச்சிக்கலையும் விடாதீர்கள், முக்கினால் தையல் இழுக்கும். தண்ணீர், பப்பாசி, கீரை. சித்தாலேப தைல டப்பாவோடு யாராவது வந்தால் கால் முட்டியோடு நிறுத்திவிடுங்கள், தையல் பக்கம் வேண்டாம்.

அப்பா என்ன வேலை பார்த்தவர்?

மலர், டிக்கோயா

அண்ணன், தேயிலை ஸ்டோரில் ரோலர், அதுதான் கொழுந்து உருட்டும் மிஷின், ஓட்டியவர். 31 வருஷம்.

ராஜா, தலவாக்கலை

அப்படியென்றால் ஒரு கொப்பியும் பேனையும் கொடுங்கள். ரோலர் போட்ட நேரம், நிறுத்திய நேரம் எழுதிப் பழகிய கை. மாத்திரைக் கணக்கையும் அவரே எழுதட்டும்.

மலர், டிக்கோயா

அக்கா, அண்ணன், இரண்டு பேருக்கும் நன்றி. பிரஷருக்கு அவர் ஒரு மாத்திரை போடுவதைக் கிளினிக்கில் சொன்னேன். டைக்லோஃபெனாக்கை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பனடோல் மட்டும் மணிக்குப் போகிறது. நேற்று ஐந்து நிமிஷம் பிந்தியதற்கு என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். பெரியம்மா மறுபடியும் வெற்றிலைப் பையைத் திறந்தபோது, "கணக்கில் இல்லை" என்று கொப்பியைக் காட்டினாராம்.

இன்று காலையில் எடுத்துப் பார்த்தேன். கோடு போட்டு, அழகான கையெழுத்து:

"இரவு 10.00: பனடோல் 2. 2.10: தும்மல். தலையணை பிடித்தேன். 2.15: தூக்கம்."