பேட்டரி பேக் டிசைன்: ஏஐஎஸ்-156 விதிகளை நாலு டீமும் சேர்ந்து எப்படிக் கண்காணிப்பது?

பேக்_டிசைன்:
எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி பேக், ஏஐஎஸ்-156 (இந்த வகை பேட்டரிக்கான இந்தியப் பாதுகாப்புத் தரம்) பொருந்த வேண்டும். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணித்துக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) ஃபர்ம்வேர், தெர்மல் என நாலு டீம், நாலு எக்செல். ஒரே விதிக்கு இரண்டு டீம் இரண்டு அர்த்தம் எடுக்கிறது. சில விதிகளை யாருமே எடுப்பதில்லை. பெரிய மென்பொருள் வாங்க பட்ஜெட் கிடையாது. என்ன வழி?

விதிப்புலி:
ஒரே ஷீட் போதும். ஷரத்தை அப்படியே காப்பியடித்து ஒட்டாதீர்கள். ஒரு ஷரத்தில் மூன்று நிபந்தனை இருந்தால் மூன்று வரி. ஒவ்வொன்றுக்கும் ஷரத்து எண், திருத்த எண், நம் டிசைனில் அதற்கான அளவு, பொறுப்பாளர், பாதிக்கப்படும் மற்ற டீம், நிரூபிக்கும் வழி (டெஸ்ட், கணக்கு, டிராயிங்), ஆதாரக் கோப்பு, அதன் ரிவிஷன். பொறுப்பாளர் இடத்தில் ஒரு ஆள் பெயர் வேண்டும். 'மெக்கானிக்கல் டீம்' என்று போட்டால் ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள்.

உதாரணம் ஐபிஎக்ஸ்7 (தண்ணீர் புகாமைக்கான ரேட்டிங்): 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம். அளவுக் கட்டத்தில் 'ஐபிஎக்ஸ்7' என்றே எழுதினால் பிரயோஜனமில்லை. கேஸ்கெட் (மூடி இடுக்கை அடைக்கும் சீல்) எவ்வளவு அமுங்க வேண்டும், மூடி போல்ட்டின் டார்க் (எவ்வளவு இறுக்குவது), கனெக்டர் ரேட்டிங், வென்ட் என்று பிரியுங்கள். சண்டை வருவது வென்ட்டில்தான்: செல் கக்கும் வாயு வெளியே போக வேண்டும், அதே வழியில் தண்ணீர் உள்ளே வரக்கூடாது. இதற்கு மெக்கானிக்கல், தெர்மல் இருவர் கையெழுத்தும் தேவை.

ஓம்_விதி:
ஷீட் பாதி வேலைதான். பேக் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் நடுவில் செய்யும் மாற்றத்தில். 16எஸ் (16 செல் சீரிஸில்) எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேக் முழு சார்ஜில் 58.4 வோல்ட். ரேஞ்ச் போதவில்லை என்று 17எஸ் ஆக்கினால் 62.05. டிசி 60 வோல்ட்டைத் தாண்டியதும் மின் அதிர்ச்சிப் பாதுகாப்பு விதிகள் உள்ளே வந்துவிடும். உலோகப் பெட்டிக்கும் சேஸிஸுக்கும் இடையே குறைந்தது 0.2 ஆம்பியர் ஓடவிட்டு அளந்தால் 0.1 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். பெட்டியோ பவுடர் கோட்டிங், அது மின்சாரத்தைக் கடத்தாது! எலெக்ட்ரிக்கல்காரர் ஒரு சீரிஸ் கூட்டினார், வேலை பெயிண்ட் கடைக்குப் போனது.

அதனால் தனியாக ஒரு 'தொட்டால் சொல்' பட்டியல்: சீரிஸ் எண்ணிக்கை, செல் மாடல், கேஸ்கெட், வென்ட், கோட்டிங், ஹார்னஸ் (வயர் கட்டு), பிஎம்எஸ் கட்-ஆஃப். இதில் ஒன்றைத் தொட்டாலும் நாலு பொறுப்பாளரும் பார்த்த பிறகே டிராயிங் ரிலீஸ்.

பேக்_டிசைன்:
எர்த் போல்ட் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டால் போதாதா சார்?

ஓம்_விதி:
ஒரு ப்ரோட்டோவுக்குப் போதும். உற்பத்தியில் ஆளுக்கு ஆள் சுரண்டல் மாறும், துருவும் ஏறும். கோட்டிங்குக்கு முன்பே அந்த இடத்தை மாஸ்க் பண்ணச் சொல்லி டிராயிங்கில் எழுதுங்கள். இடம் கேஸ்கெட் கோட்டுக்கு வெளியே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஐபிஎக்ஸ்7 போய்விடும். பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே சீலன்ட். வைப்ரேஷன் டெஸ்டுக்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள்.

விதிப்புலி:
ஃபர்ம்வேரை மறந்துவிடாதீர்கள். லேபுக்குப் போன பைனரியின் (ஃபர்ம்வேர் கோப்பு) செக்சம் (கோப்பு மாறினால் காட்டிக்கொடுக்கும் எண்) ஷீட்டில் ஏற வேண்டும். செல்லும் அப்படித்தான்: ஐஎஸ் 16893 (செல்லுக்கான இந்தியத் தரம்) ரிப்போர்ட் டெஸ்ட் செய்த மாடலுக்கு மட்டுமே. பர்ச்சேஸ் 'அதே கெப்பாசிட்டிதான்' என்று வேறு செல் வாங்கினால் முதலில் டெஸ்ட் ஏஜென்சியைக் கேளுங்கள்.