ட்ரெயினுக்கு கம்பி, பஸ்ஸுக்கு மட்டும் பேட்டரி ஏன்?

கேள்வி: தாம்பரம் லோக்கல் மேல கம்பில கரண்ட் எடுத்து ஓடுது, சென்னை எம்டிசி புது எலக்ட்ரிக் பஸ் பேட்டரில ஓடுது, ட்ரெயினுக்கும் பேட்டரி வச்சா கம்பி செலவு மிச்சம்தானே?

பதில்: எங்க மிச்சம் பாஸ்? 25,000 வோல்ட் தலைக்கு மேலயே இருக்கு, பேட்டரி வச்சா அந்த வெயிட்டையும் சேர்த்து இழுக்கணும், சார்ஜ் போட பீக் அவர்ல எங்க நிறுத்துவீங்க? புது வண்டில பிரேக் போட்டா மோட்டாரே ஜெனரேட்டராகி கரண்ட் கம்பிக்கே திரும்பிப் போகும்.

இன்னொருத்தர்: பஸ் கம்பில ஓடினா கம்பிய விட்டு ரொம்ப தூரம் ஒதுங்க முடியாதுங்க, அதுவும் நம்ம ரோட்ல 😄

கேட்டவர்: அப்ப ஒரு நாளைக்கு நாலு வண்டி மட்டும் போற பிராஞ்ச் லைன்?

பதில்: நாலு வண்டிக்காக கம்பி போட்டா கட்டுப்படியாகாது, அங்க பேட்டரி ஓகே. ஜெர்மனில ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன்ல 2023லருந்து பேட்டரி ட்ரெயின் ஓடுது, கம்பி இருக்கற இடத்துல சார்ஜ் ஏத்திக்கும்.