ஹைட்ரோபோனிக் தக்காளி: கால்சியம் கொடுத்தும் காயின் அடி கறுக்கிறது

கேள்வி:
வணக்கம். பத்தடிக்கு ஆறடி பசுமைக்குடிலில் மண்ணில்லாமல் பக்கெட் முறையில் தக்காளி வளர்க்கிறேன். பக்கெட்டில் கோகோபீட்டும் (தென்னைநார்த் தூள்) பெர்லைட்டும் (பொரித்த எரிமலைக்கல்) கலந்தது. சொட்டுக்குழாயில் உரக்கரைசல் போகிறது, மிஞ்சுவது வடிந்து தொட்டிக்கே திரும்பி வருகிறது. பிஹெச் (அமில-கார அளவு) 6.0. இ.சி. (கரைசலில் எவ்வளவு உரஉப்பு இருக்கிறது என்று காட்டும் அளவு) காலையில் 2.8, மாலையில் 3.6 வரை ஏறிவிடுகிறது. மதியம் குடிலுக்குள் 36 டிகிரி.

இலையெல்லாம் கரும்பச்சையாக நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காய் எலுமிச்சை அளவு வந்ததும் அடியில் நீர் கோத்த மாதிரி ஒரு வட்டம் தெரிகிறது. அப்புறம் அது கறுத்து, தோல் போல வறண்டு உள்ளே அமுங்கிவிடுகிறது. கால்சியம் நைட்ரேட்டைக் கூட்டினேன், இலையிலும் தெளித்தேன். நிற்கவில்லை. இன்னும் எவ்வளவு கூட்டலாம்?

பதில்:
இதற்குமேல் கூட்ட வேண்டாம். எனக்கு உறுத்துவது அந்த 3.6தான். இ.சி. ஏறுகிறது என்றால் செடி உரத்தை எடுப்பதைவிட வேகமாகத் தண்ணீரைக் குடிக்கிறது. மிச்சமிருக்கும் கரைசலில் உப்பு கூடக்கூட, அதிலிருந்து தண்ணீரை இழுக்க வேர் திணறும்.

கால்சியம் தண்ணீரோடு சேர்ந்துதான் மேலே ஏறும். தண்ணீர் எங்கே அதிகமாக ஆவியாகிறதோ அங்கேதான் போய்ச் சேரும். இலையில் ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு, தக்காளிக் காயின் தோலில் துளையே கிடையாது. 36 டிகிரியில் கால்சியம் கிட்டத்தட்ட எல்லாமே இலைக்குப் போய்விடும். காயில் காம்புக்கு எதிர்ப்புறம் இருக்கிற அடிப்பகுதிதான் கடைசிப் பந்தி. இலைக்குப் போனது திரும்பக் காய்க்கு இறங்காது, அதனால்தான் தெளித்தும் பலனில்லை.

வெயில் காலத்தில் கரைசலின் இ.சி.யை 2.2 முதல் 2.5-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தொட்டி குறைந்தால் வெறும் தண்ணீர் ஊற்றுங்கள், உரக்கரைசல் வேண்டாம். சொட்டுநீரை ஒரேயடியாக விடாமல் கொஞ்சநேரம், அடிக்கடி என்று டைமரில் மாற்றுங்கள். உச்சிவெயிலுக்கு நிழல்வலை அவசியம். தொட்டியிலும் வெயில் படக்கூடாது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், வேர் சோர்ந்துவிடும். கறுத்த காய்களைக் கிள்ளிவிடுங்கள். இது தொற்றுநோய் இல்லை, ஆனால் அந்தக் காய் தேறாது.

கேட்டவர்:
மிக்க நன்றி அண்ணா. இன்னொரு சந்தேகம். தொட்டியின் அடியில் வெள்ளையாக மாவு மாதிரி படிகிறது. உரங்களை எல்லாம் ஒரே வாளியில் கெட்டியாகக் கரைத்துத்தான் ஊற்றுகிறேன். அதனால் இருக்குமோ? பூவும் உதிர்கிறது.

வேறொருவர்:
நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கால்சியம்தான் அந்த வெள்ளை மாவு. கால்சியம் நைட்ரேட்டை மெக்னீசியம் சல்பேட்டோடு கெட்டியாகச் சேர்த்தால் கால்சியம் சல்பேட்டாகப் படிந்துவிடும். பாஸ்பேட் உரத்தோடு சேர்த்தாலும் இதே கதைதான். ஏ, பி என்று இரண்டு கேன் வையுங்கள். கால்சியம் நைட்ரேட் ஒன்றில், சல்பேட்டும் பாஸ்பேட்டும் மற்றதில். தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்த பிறகு ஒன்றை ஊற்றி நன்றாகக் கலக்கி, அப்புறம் அடுத்தது.

கோகோபீட்டை வெறும் தண்ணீரில் மட்டும் அலசியிருந்தால் அதையும் கவனியுங்கள். நாரோடு ஒட்டியிருக்கிற பொட்டாசியமும் சோடியமும் வெறும் தண்ணீருக்கு அசையாது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து அலசினால்தான் விடும். இல்லையென்றால் நீங்கள் கொடுக்கிற கால்சியத்தை முதலில் நாரே பிடித்துக்கொள்ளும்.

முதலில் பதில் சொன்னவர்:
அருமையாகச் சொன்னீர்கள், அந்த வெள்ளைப் படிவு பெரிய விஷயம். தொட்டியைக் கழுவிவிட்டுப் புதிதாகக் கலந்து ஆரம்பியுங்கள்.

பூ உதிர்வுக்கும் வெப்பம்தான் முதல் காரணம். 32 டிகிரி தாண்டினாலே மகரந்தம் கெட ஆரம்பிக்கும், ராத்திரியும் புழுக்கமாக இருந்தால் இன்னும் மோசம். மூடிய குடிலில் காற்றும் இல்லை, வண்டும் வராது. காலை பத்து மணிவாக்கில் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள், அல்லது எலக்ட்ரிக் டூத்பிரஷ்ஷின் பின்பக்கத்தைக் காம்பில் ஒரு நொடி வையுங்கள். வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால் மஞ்சள் தூள் கொட்டுவது கண்ணுக்கே தெரியும். தூள் கொட்டவே இல்லையென்றால் ஈரப்பதம் அதிகமாக இருக்கலாம், காற்றாடி போடுங்கள்.

ஏற்கனவே பெருத்த காய்களை வைத்துப் பலனை எடைபோடாதீர்கள். இப்போது பட்டாணி அளவில் இருக்கும் கொத்துகளில் நூல் கட்டி வையுங்கள், அவை எலுமிச்சை அளவு வரும்போது அடி சுத்தமாக இருக்கிறதா என்று இங்கே வந்து சொல்லுங்கள்.