ஓய்வுப் பணம் 36 லட்சத்தை எப்படிப் பிரித்து வைப்பது?

கேள்வி: சிங்காநல்லூர் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் தனியார் தொழிற்சாலை ஒன்றில் 28 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். இன்னும் சில மாதங்களில் 58 வயது நிறைந்து ஓய்வு பெறுகிறேன். பி.எஃப்., பணிக்கொடை இரண்டும் சேர்ந்து 36 லட்சம் ரூபாய் அளவில் கைக்கு வரும், பி.எஃப். ஓய்வூதியம் மாதம் 4,400 ரூபாய் கிடைக்கும் என்று கணக்கிட்டுள்ளேன். வீடு சொந்தம், மாடி வாடகை 6,000 ரூபாய். பால், மளிகை, சிலிண்டர், தன் சர்க்கரை மாத்திரை என ஒவ்வொரு செலவையும் என் மனைவி அன்றன்றே ஒரு நோட்டில் எழுதி வைப்பார். அதன்படி சென்ற ஆண்டில் மாதச் செலவு சராசரியாக 27,000 ரூபாய்.

சென்னையில் வீடு வாங்க மகன் 12 லட்சம் கேட்கிறான். உறவினர் ஒருவரோ, தமக்குத் தெரிந்த நிதி நிறுவனத்தில் போட்டால் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டி மாதந்தவறாமல் வரும் என்று வற்புறுத்துகிறார். என்ன செய்வது என்று அனுபவம் உள்ளவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: ஓய்வு பெற்ற அஞ்சலக ஊழியர்

ஐயா, உங்கள் மனைவியின் நோட்டிலிருந்தே தொடங்குவோம். ஓய்வூதியமும் வாடகையும் போக மாதம் 16,600 ரூபாய் குறைகிறது. அதை நிரப்பும் வழியை முதலில் உறுதி செய்துவிட்டு, மற்றவற்றைப் பிறகு பாருங்கள்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களே சேரலாம் என்பது பொது விதி. ஆனால் 55 வயதைக் கடந்து ஓய்வு பெற்றவர்கள், ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள், அதற்கான சான்றோடு சேர விதியில் இடம் இருக்கிறது. இந்தத் தவணையைத் தவறவிட்டு, 60 வயதுவரை காத்திருக்க நேர்ந்தவர்கள் பலரை நான் கவுண்டரில் பார்த்திருக்கிறேன். 8.2 விழுக்காடு வட்டியில் 20 லட்சம் போட்டால் காலாண்டுக்கு 41,000 ரூபாய், அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ 13,670 ரூபாய் வரும். சேரும் நாளில் உள்ள வட்டி ஐந்தாண்டுக்கும் மாறாது. அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் மனைவியோடு கூட்டுக் கணக்காக 9 லட்சம் போட்டால், 7.4 விழுக்காட்டில் மாதம் 5,550 ரூபாய். குறைவது நிரம்பி, மேலும் இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய் மிஞ்சும்.

மீதி 7 லட்சத்தில் இரண்டு லட்சத்தை அவசரத்துக்கு வங்கியில் வையுங்கள். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் இன்றைய 27,000 ரூபாய்ச் செலவு உங்கள் எழுபதாவது வயதில் 54,000 ஆகிவிடும். ஆகவே எஞ்சிய ஐந்து லட்சத்தைப் பத்தாண்டுக்குத் தொடாமல் மியூச்சுவல் ஃபண்டில் வளரவிடுவதே நல்லது என்பது என் கருத்து. அதில் ஏற்ற இறக்கம் உண்டு என்பதால் மாதச் செலவுக்கு அதை நம்ப வேண்டாம்.

ஒன்றரை ரூபாய் வட்டி என்பது ஆண்டுக்கு 18 விழுக்காடு. இப்படி அதிக வட்டியை நம்பிப் பணம் போட்டு ஏமாந்தவர்களுக்காகவே 1997-இல் தமிழ்நாடு அரசு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதற்கான தனி நீதிமன்றம் கோவையிலேயே இருக்கிறது. அந்தப் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள்.

மகனுக்கு 12 லட்சம் கொடுத்தால், 8.2 விழுக்காட்டுக் கணக்கில் மாதம் 8,200 ரூபாய் இல்லாமல் போகும். அந்த நோட்டில் எந்தெந்த வரிகளை அடிக்க வேண்டியிருக்கும் என்பதை அவரையே உட்கார வைத்துக் காட்டுங்கள்.

மறுமொழி: திருச்சி வாசகி

சகோதரருக்கு வணக்கம். மேலே உள்ள கணக்கு நீங்கள் இருவரும் இருக்கும்வரை சரியாக இருக்கும். நீங்கள் இல்லாத காலத்துக்கும் ஒருமுறை அதைப் போட்டுப் பாருங்கள். பி.எஃப். ஓய்வூதியத்தில் மனைவிக்குப் பாதிதான் வரும். 4,400 என்பது 2,200 ஆகிவிடும்.

என் கணவர் இறந்த பிறகு, பீரோவின் உள்ளறையில் பட்டுப்புடவைக்கு அடியில் நான்கு வைப்புத்தொகை ரசீதுகள் கிடைத்தன. மூன்றில் என் பெயர் நியமனதாரராக (நாமினி) இருந்ததால் சில வாரங்களில் பணம் வந்துவிட்டது. நான்காவது அவருடைய தனிப் பெயரில், நியமனதாரர் இல்லாமல் இருந்தது. வாரிசுச் சான்றிதழுக்கும் கையொப்பங்களுக்குமாக எட்டு மாதம் அலைந்தேன். வீட்டுச் செலவைக் காசு காசாக எழுதி வந்த எனக்கு, அந்தப் பணம் இருப்பதே தெரியாது. எனவே எல்லாக் கணக்கிலும் உங்கள் மனைவியின் பெயர் இருக்கட்டும். படிவத்தில் கையெழுத்திடும் நாளில் அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

மற்றொன்று, நிறுவனம் தரும் குழு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் ஓய்வோடு நின்றுவிடும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்றாண்டுவரை காத்திருப்புக் காலம் (அதுவரை அந்த நோய்ச் செலவுக்குப் பணம் தரமாட்டார்கள்) விதிக்கலாம் என்பதால், மனைவிக்குச் சர்க்கரை இருப்பதை மறைக்காமல் எழுதி, வேலையில் இருக்கும்போதே தனிக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு மகனைத் தொலைபேசியில் அழைத்து நோட்டை வாசித்துக் காட்டினோம். முன்பணத்தைக் குறைத்துச் சிறிய வீடாகப் பார்ப்பதாகச் சொன்னான். உறவினரிடம் முடியாது என்று கூறிவிட்டேன். காப்பீட்டுக்கு இந்த வாரமே விண்ணப்பிக்கிறோம். என்னுடைய பழைய வைப்புத்தொகை ஒன்றிலும் நியமனதாரர் பெயர் இல்லை என்பதை இன்று காலை கண்டுபிடித்தோம். திங்கட்கிழமை இருவருமாக வங்கிக்குப் போகிறோம். கணக்கு எண்களை எல்லாம் என் மனைவி அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார்.