யாத்திராகமம் 6:3ல் தடுக்கி விழுந்தவர்கள் உண்டா?

அக்கா_டீச்சர்:
ஞாயிறு பள்ளியில் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். போன வாரம் யாத்திராகமம் ஆறாம் அதிகாரம். "யேகோவா என்னும் என் நாமத்தினால் நான் அவர்களுக்கு அறியப்படவில்லை" என்று ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபைப் பற்றி மோசேயிடம் தேவன் சொல்கிற வசனத்தை வாசித்து முடிக்கவில்லை, கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன், "அப்போ யேகோவாயீரே? எங்க மாமா ஆட்டோ கண்ணாடியில எழுதியிருக்கே அக்கா" என்றான்.

ஆதியாகமம் 22:14. ஈசாக்குக்குப் பதில் ஆட்டுக்கடாவைப் பலியிட்ட இடத்துக்கு ஆபிரகாமே வைத்த பேர். தெரியாத பேரை எப்படி வைத்தார்? அடுத்த வாரம் சொல்கிறேன் என்று ஜெபம் பண்ணி வகுப்பை முடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து தேடினால் இன்னும் சிக்கல். எபிரெயத்தில் யேகோவா என்கிற அந்த நான்கெழுத்துப் பேர் வருகிற இடத்தில் எல்லாம் நம் பழைய மொழிபெயர்ப்பு பெரும்பாலும் 'கர்த்தர்' என்றே போட்டுவிடுவதால் இத்தனை வருஷம் கண்ணிலேயே படவில்லை. ஆதியாகமம் 15:7ல் ஆபிராமிடமே "கர்த்தர் நானே" என்கிறார், மூலத்தில் அங்கே இருப்பதும் அதே பேர்தான். 4:26ல் ஆதாமின் பேரன் ஏனோஸ் பிறந்த காலத்திலேயே அந்த நாமத்தைத் தொழ ஆரம்பித்தாயிற்று. அதெல்லாம் போகட்டும், யாத்திராகமம் 6:20ல் மோசேயின் அம்மா பேர் யோகெபேத், அந்த 'யோ' கடவுள் பேரின் சுருக்கம் என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். உங்களில் யாராவது இதில் மாட்டியிருக்கிறீர்களா?

ஒலிவமலை:
நான் எருசலேமில் ஒரு யூதப் பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். ஒருநாள் தேநீர் கொடுக்கும்போது அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், மனுஷன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கி நிறுத்தினார். 'ஹஷேம்' என்று சொல்ல வேண்டுமாம், 'அந்தப் பேர்' என்று அர்த்தம். வேதத்தை வாசிக்கும்போது கண் நான்கெழுத்தைப் பார்க்கும், வாய் 'அதோனாய்' என்று சொல்லும். அதற்காகப் போட்ட உயிர்க்குறிகளை அந்த நான்கெழுத்தோடு சேர்த்துப் படித்ததில் வந்ததுதான் யேகோவா என்கிற உச்சரிப்பு.

நீங்கள் கேட்டதையே நானும் அவரிடம் கேட்டேன். 11ஆம் நூற்றாண்டு உரைகாரர் ராஷியை எடுத்தார். 'நான் அறிவிக்கவில்லை' என்று எழுதியில்லை, 'நான் அறியப்படவில்லை' என்றுதான் இருக்கிறது, கவனி என்றார். வாக்குக் கொடுத்ததை முற்பிதாக்கள் கேட்டார்கள், அது நிறைவேறியதைப் பார்க்கவில்லை. நம் பாஷையில் சொன்னால், பேர் தெரியும், ஆள் பழக்கமில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

பழைய_செமினரி:
ராஷியின் விளக்கம் அழகுதான், ஆனால் என்னைத் திருப்திப்படுத்தவில்லை. முதலாம் ஆண்டில் எங்கள் பேராசிரியர் ஒன்றும் விளக்காமல் சங்கீதம் 14ஐயும் 53ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொன்னார். கிட்டத்தட்ட ஒரே பாட்டு. ஒன்றில் "கர்த்தர் பரலோகத்திலிருந்து" பார்க்கிறார், மற்றதில் "தேவன் பரலோகத்திலிருந்து" பார்க்கிறார். யாரோ உட்கார்ந்து பேரை மாற்றியிருக்கிறார்கள், தமிழிலேயே தெரிகிறது! அன்று இரவு தூக்கம் வரவில்லை. பிறகு நோவா கதைக்குப் போனால், ஆதியாகமம் 6:19ல் 'தேவன்' வகைக்கு ஒரு ஜோடி கேட்கிறார், 7:2ல் 'கர்த்தர்' சுத்தமான மிருகங்களில் ஏழேழு ஜோடி கேட்கிறார். 1753லேயே ஜான் அஸ்த்ருக் என்கிற பிரெஞ்சு மருத்துவர் இந்தப் பேர்களை வைத்துத்தான் ஆதியாகமத்தைத் தனித்தனி மூலங்களாகப் பிரித்துப் பார்த்தார். பேர் மோசே காலத்தில்தான் வெளிப்பட்டது என்று ஒரு மரபு, ஆதியிலிருந்தே இருந்தது என்று இன்னொன்று. தொகுத்தவர் இரண்டையுமே விட மனசில்லாமல் வைத்துவிட்டார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியதே ஒழியக் குறையவில்லை.

அக்கா_டீச்சர்:
இன்று வகுப்பு முடிந்தது. ஒலிவமலை சொன்ன 'ஆள் பழக்கமில்லை'யைத்தான் முதலில் சொன்னேன், பிள்ளைகள் தலையாட்டினார்கள். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டு சங்கீதத்தையும் வாசிக்கச் சொன்னேன். அதே பையன், "ரெண்டு பேர் எழுதினதா அக்கா?" என்றான். எனக்கும் அப்படித்தான் தோணுதுப்பா என்று சொல்லிவிட்டேன். ஆயர் காதுக்கு இன்னும் போகவில்லை.